ஹர்லிங் பார்க்க அயர்லாந்து: ஜூலை இறுதியாட்டமா, மே மாத மன்ஸ்டரா, இலையுதிர்கால ஊர்க் கிளப் ஆட்டமா?

அயர்லாந்துக்குத் தாங்களே திட்டம் போட்டுப் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். டப்ளினில் இரண்டு நாள், மோஹர் பாறைகளுக்கு ஒரு நாள், கால்வேயில் ஒரு இரவு, நேரமிருந்தால் கெரி பக்கம் ஒரு சுற்று. தப்பில்லை, எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஊர்க்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டால் இந்தப் பட்டியலில் பதில் இருக்காது. கோடைக்கால ஞாயிறுகளில் அவர்களில் பெருங்கூட்டம் ஹர்லிங், கேலிக் கால்பந்து என்ற அயர்லாந்தின் சொந்த ஆட்டங்கள், அதாவது கேலிக் விளையாட்டுகள், நடக்கிற ஏதாவதொரு மைதானத்தில்தான் இருக்கும். அங்கே ஆடுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிறு 80,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

இதைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த கேள்வி எப்போது, எங்கே என்பது. அதில்தான் பலரும் யோசிக்காமல் டப்ளினில் நடக்கிற அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதியாட்டத்தைக் குறிவைக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் முறை போகிறவர், டிராவல்ஸ் குழு எதிலும் சேராமல் போகிறவர், மே மாதத்தில் மன்ஸ்டர் மாகாணத்துக்குப் போவதே மேல். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கான ஆட்கள் உண்டு. யாருக்கு எது என்று பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹர்லிங்கில் அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர்; உள்ளே கார்க், மேலே தோல், எடை 110 கிராமுக்குச் சற்று அதிகம். பந்தை மட்டையால் தரையிலும் அடிக்கலாம், காற்றிலும் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டை நுனியில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஓடலாம். எச் வடிவக் கம்பத்தில் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் போனால் கோல். ஒரு கோல் மூன்று பாயின்ட்டுக்குச் சமம். வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர் பாயின்ட்டுக்கு வெள்ளைக் கொடியும் கோலுக்குப் பச்சைக் கொடியும் ஆட்டுவார். ஸ்கோர் எழுதும் முறைதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். 2024 இறுதியாட்டத்தில் மோதியவை கிளேர், கார்க் என்ற இரண்டு கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). கிளேர் 3-29, கார்க் 1-34. கிளேருக்கு மூன்று கோல், 29 பாயின்ட், கூட்டினால் 38. கார்க்குக்கு 37. கூடுதல் நேரம் வரை போய் ஒரே ஒரு பாயின்ட்டில் முடிந்த ஆட்டம் அது. கவுன்டி அணிகளின் சீனியர் ஆட்டம் 70 நிமிடம். 2010 முதல் எல்லாரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும். பெண்கள் ஆடினால் அதற்குப் பெயர் கமோகி. இரண்டையும் சேர்த்து 2018-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது.

இதே மைதானத்தில், இதே கம்பங்களோடு ஆடுகிற இன்னொரு ஆட்டம் கேலிக் கால்பந்து. கையாலும் காலாலும் ஆடலாம். 2025-ல் அதன் விதிகளைப் பெரிய அளவில் மாற்றினார்கள்; இப்போது 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்துக் கம்பிக்கு மேலே அனுப்பினால் இரண்டு பாயின்ட். நாட்டின் பெரும்பகுதியில் கால்பந்துக்குத்தான் ஆதரவு அதிகம். ஆனால் ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் ஹர்லிங் பாருங்கள். இதை உலகத்தில் வேறெங்கும் இந்த அளவில் பார்க்க முடியாது.

2022 முதல் பருவத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஜூலை இறுதி வரை கவுன்டி அணிகளின் ஆட்டங்கள். அதற்குப் பிறகு ஆட்டக்காரர்கள் அவரவர் ஊர்க் கிளப்புக்குத் திரும்பிவிடுவார்கள். பழைய பயணக் கட்டுரைகளில் செப்டம்பரில் அகில அயர்லாந்து இறுதியாட்டம் என்று இருக்கும். அதை நம்பி செப்டம்பருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஜூலை, டப்ளின்

குரோக் பார்க்கில் 82,300 பேர் உட்காரலாம், நிற்கலாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய மைதானங்களில் ஒன்று. நகரின் நடுவிலிருந்து நடந்தே போய்விடலாம். இறுதியாட்ட நாளில் அங்கே இருப்பது பெரிய அனுபவம்தான், சந்தேகமில்லை. பிரச்சினை வேறு: அந்த டிக்கெட் பொது விற்பனைக்கு வருவதில்லை. நாடு முழுக்க இருக்கிற கிளப்புகளுக்கும் கவுன்டி நிர்வாகங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆண்டு முழுக்கக் கிளப்பில் புல்வெட்டி, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கே சீட்டு கிடைக்காமல் அல்லாடுவதைப் பார்க்கும்போது, வெளிநாட்டுப் பயணிக்கு அது போவது நியாயமும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. விருந்தோடு சேர்த்து விற்கிற விலையுயர்ந்த பேக்கேஜ் ஒரு வழி. தெருவில் விற்பவரிடம் வாங்குவது வழியே அல்ல. அது போதாதென்று அந்த வாரயிறுதியில் டப்ளின் ஹோட்டல் அறை இரவுக்கு 200 யூரோவைத் தாண்டுவது சாதாரணம்.

ஜூலைதான் விடுமுறை, வேறு மாதம் முடியாது என்பவர்களுக்கு ஒரு நல்ல மாற்று உண்டு. இறுதியாட்டத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய சுற்றுகளைப் பாருங்கள். சமீப ஆண்டுகளில் ஜூன் கடைசி வாரயிறுதியில் கால்பந்துக் காலிறுதிகள் குரோக் பார்க்கில் நடக்கின்றன. ஒரே டிக்கெட்டில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். ஜூலை முதல் வாரயிறுதியில் ஹர்லிங் அரையிறுதிகள். இவை பொதுமக்களுக்கு ஆன்லைனில் விற்பனைக்கு வருகின்றன. கார்க் ஆடுகிற அரையிறுதி என்றால் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அந்தக் கவுன்டிக்காரர்கள் சிவப்பு வெள்ளைச் சட்டையோடு எங்கே வேண்டுமானாலும் வந்து குவிவார்கள்.

ஆட்டம் இல்லாத நாளிலும் குரோக் பார்க் அருங்காட்சியகத்துக்கும் மைதானச் சுற்றுக்கும் நேரம் ஒதுக்கலாம். 1920 நவம்பர் 21 அன்று டப்ளினும் டிப்பரேரியும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன். மைதானத்தின் ஒரு பக்கத்துக்கு அவர் பெயர்தான். இதே இடத்தில் இங்கிலாந்து ரக்பி அணி ஆட 2007 வரை ஆனது. அதற்கு முன்னால் மைதானத்தை நடத்துகிற கேலிக் விளையாட்டுச் சங்கம், வேற்று ஆட்டங்களுக்கு இங்கே இடமில்லை என்ற தன் விதியையே தளர்த்த வேண்டியிருந்தது. உள்ளுக்குள் பெரிய சண்டை. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பிறகு ஆட்டம் பார்த்தால் கூட்டம் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது வேறு மாதிரி தெரியும்.

மே, மன்ஸ்டர்

தெற்கு மாகாணமான மன்ஸ்டரில் ஐந்து கவுன்டிகள் ஹர்லிங் சாம்பியன்ஷிப்பில் மோதுகின்றன: கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட். 2018 முதல் லீக் முறை. ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம், இரண்டு சொந்த ஊரில், இரண்டு வெளியூரில். ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே கடைசிக்குள் முடிந்துவிடும். ஐந்தில் மூன்று அணிகள் மேலே போகும். மற்ற இரண்டுக்கும் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. மே மாத ஆட்டங்களில் இருக்கிற சூட்டுக்கு இதுதான் காரணம். 2024-ல் டிப்பரேரி இந்த லீக்கில் கடைசி இடம். அடுத்த ஆண்டு அதே டிப்பரேரி அகில அயர்லாந்து சாம்பியன். 2024-ல் சாம்பியனான கிளேர் 2025-ல் மன்ஸ்டரையே தாண்டவில்லை. இப்படிப்பட்ட லீக்கில் சும்மா ஒப்புக்கு ஆடுகிற ஆட்டம் என்று ஒன்று அமைவது அபூர்வம்.

எந்த ஊர் என்று கேட்டால் தர்லஸ். டிப்பரேரியில் இருக்கிற சின்ன டவுன். 1884 நவம்பர் 1 அன்று இங்கே ஹேய்ஸ் ஹோட்டலில் ஒரு சில பேர் கூடித்தான் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். மைக்கேல் கியூசாக், மாரிஸ் டாவின் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். டப்ளினிலிருந்து கார்க் போகிற ரயில் பாதையிலேயே ஊர் இருக்கிறது. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். செம்பிள் ஸ்டேடியத்தில் 45,000 பேருக்கு மேல் கொள்ளும். ஊரின் மக்கள்தொகை அதில் ஒரு சிறு பங்குதான்.

ஆட்ட நாளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆட்டம் ஆரம்பிக்க மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். லிபர்ட்டி சதுக்கத்தில் நின்றால் போதும். இரண்டு கவுன்டிக்காரர்களும் ஒரே கடை வாசலில், ஒரே மதுக்கூடத்தின் படியில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தொப்பியும் கொடியும் விற்கிறவர் இரண்டு அணிக்கும் சேர்த்தே கூவுவார். வண்டியின் டிக்கியைத் திறந்துவைத்து பிளாஸ்க் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் பரிமாறிக்கொண்டிருக்கும் குடும்பங்களைத் தாண்டித்தான் மைதானத்துக்கு நடக்க வேண்டும். உள்ளேயும் ரசிகர்களைப் பிரித்து உட்காரவைப்பதில்லை. உங்களுக்கு இடப்பக்கம் லிமெரிக் பச்சை, வலப்பக்கம் டிப்பரேரி நீலமும் பொன்மஞ்சளும். பக்கத்தில் இருப்பவரிடம் இது முதல் ஆட்டம் என்று சொல்லிவிடுங்கள், போதும். அடுத்த 70 நிமிடத்துக்கு நீங்கள் கேட்காமலே விளக்கம் வந்துகொண்டிருக்கும்: அந்த ஆறாம் நம்பரின் அப்பா எந்த ஆண்டு ஆடினார், இந்த ரெஃப்ரி ஏன் எப்போதும் இப்படி விசில் ஊதுகிறார் என்பது வரை. ஐரோப்பியக் கால்பந்து மைதானங்களில் பழகியவர்களுக்கு இந்தக் கலந்து உட்காருவதுதான் முதலில் நம்ப முடியாததாக இருக்கும்.

டெரஸ் டிக்கெட்டா ஸ்டாண்டா என்றால், தனியாகப் போகிறவர்களுக்கு டெரஸ். நின்றுகொண்டு பார்ப்பது, விலையும் குறைவு, பேச்சுத் துணையும் தானாகவே அமையும். ஆனால் கூரை கிடையாது. மே மாதத்திலும் மதியம் 12 டிகிரியும் தூறலுமாக இருக்கலாம். குடை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், ரெயின்கோட்டு கொண்டுபோங்கள். வயதான பெற்றோரோடு போனால் யோசிக்காமல் மூடிய ஸ்டாண்டில் எடுத்துவிடுங்கள்.

மன்ஸ்டரிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சில ஆண்டுகளாகக் கார்க், லிமெரிக் ஆட்டங்கள் முன்கூட்டியே விற்றுப்போகின்றன. வாட்டர்ஃபோர்டின் வால்ஷ் பார்க் சின்ன மைதானம். அங்கே வெளியாளுக்குக் கிடைப்பது கஷ்டம். கதவருகே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற காலம் போய்விட்டது, எல்லாமே முன்பதிவு. ஆகவே ஒரே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் ஒரு வாரயிறுதியைத் தேர்ந்தெடுங்கள். மன்ஸ்டரில் கிடைக்கவில்லையா, அதே நாட்களில் கிழக்கு மாகாணமான லென்ஸ்டரின் சாம்பியன்ஷிப் நடக்கும். கில்கென்னியின் நோலன் பார்க்கிலோ, கடலோரம் சால்ட்ஹில்லில் இருக்கும் கால்வேயின் பியர்ஸ் ஸ்டேடியத்திலோ டிக்கெட் பெரும்பாலும் கிடைத்துவிடும். 2025 வரை 36 முறை அகில அயர்லாந்து பட்டம் வென்ற கில்கென்னியை அதன் சொந்த மைதானத்தில் பார்ப்பதை யாரும் இரண்டாம் தரம் என்று சொல்ல முடியாது. கால்வே புவியியல்படி கன்னாக்ட் மாகாணம், ஆனால் ஹர்லிங்கில் லென்ஸ்டரில் ஆடுகிறது. கன்னாக்டில் ஹர்லிங்கில் அதற்கு ஈடுகொடுக்க ஆளில்லை, அதனால்தான்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

இந்தப் பருவத்தைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆகஸ்ட் முதல் பாதியில் பெண்கள் கால்பந்து இறுதியும் கமோகி இறுதியும் குரோக் பார்க்கில் நடக்கின்றன. டிக்கெட் பொது விற்பனையில் தாராளமாகக் கிடைக்கும், விலையும் ஆண்கள் இறுதியாட்டத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆண்கள் இறுதிக்கு ஸ்டாண்ட் டிக்கெட்டே 100 யூரோ அளவில். பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். அதே பெரிய மைதானம், அதே அணிவகுப்பு, அதே கோப்பை மேடை, ஆனால் நெரிசல் இல்லை. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டங்கூட்டமாகச் சிறுமிகள் படியேறுவதைப் பார்க்கலாம்.

அப்புறம் ஊர்க் கிளப் ஆட்டங்கள். ஒவ்வொரு கவுன்டியிலும் ஆகஸ்டில் சூடு பிடித்து அக்டோபரில் கவுன்டி இறுதி. ஜூலையில் குரோக் பார்க்கில் பார்த்த அதே ஆள், இங்கே தன் ஊர்ச் சட்டையில், தன்னுடைய பக்கத்து ஊர்க்காரரை நேருக்கு நேர் எதிர்த்து ஆடிக்கொண்டிருப்பார். டிக்கெட் கொஞ்சம் யூரோதான். கூட்டம் சில நூறு முதல் சில ஆயிரம். இடைவேளை விட்டதும் பிள்ளைகள் மட்டையோடு மைதானத்துக்குள் ஓடிவிடுவார்கள். இரண்டாம் பாதிக்கு அவர்களை வெளியே அனுப்புவதே ஒருவருக்கு வேலை. ஆட்டத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் மட்டையும் மட்டையும் மோதுகிற சத்தம் என்னவென்று தெரியும். 80,000 பேர் நடுவில் அது காதில் விழாது.

இவ்வளவு நல்லதாக இருந்தும் இதை முதல் தேர்வாக நான் சொல்லாததற்குக் காரணம் நேர அட்டவணை. கிளப் ஆட்டங்களின் தேதியும் இடமும் சில நேரம் ஒரு வாரத்துக்கு முன்புதான் உறுதியாகும். போட்டி டிரா ஆனால் மறு ஆட்டம், மழையென்றால் வேறு மைதானம். மைதானமும் ரயில் போகாத கிராமத்தில் இருக்கும். கார் இருந்து, திட்டத்தை அன்றன்றைக்கு மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஊரிலிருந்தே எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுப் போகிறவருக்கு ஒத்துவராது. நடுவழி ஒன்று உண்டு: கவுன்டி இறுதியாட்டங்கள் கவுன்டியின் பெரிய மைதானத்தில் நடக்கும், தேதியும் கொஞ்சம் முன்னாலேயே தெரியும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நாலரை மணிக்கே இருட்டுகிற டிசம்பரில் முதல் முறை அயர்லாந்து போக வேண்டுமா?

ஆடிப் பார்ப்பது

டப்ளினிலும் கில்கென்னியிலும் பயணிகளுக்கு ஹர்லிங் சொல்லித்தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரம், கையில் மட்டை, கொஞ்சம் வரலாறு, ஒரு சின்ன ஆட்டம். ஆட்டமே இல்லாத வாரத்தில் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கும் முந்தைய நாள் இதைச் செய்தால் பலனுண்டு: பந்தை மட்டை நுனியில் நிறுத்தி நாலடி நடக்கவே எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த பிறகு, மறுநாள் அதோடு முழு வேகத்தில் ஓடுகிறவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆட்டத்துக்குப் பதிலாக இது மட்டும் என்றால் பணம் வீண்.

இன்னொன்று, காசே செலவில்லாதது: ரோடு பௌலிங். முக்கியமாகக் கார்க்கிலும் வடக்கே ஆர்மாவிலும் உயிரோடு இருக்கிற ஆட்டம். 28 அவுன்ஸ், அதாவது 800 கிராம் அளவு எடையுள்ள இரும்புக் குண்டை ஊர்ச் சாலையில் எறிந்துகொண்டே போவார்கள். சில கிலோமீட்டர் தூரத்தைக் குறைந்த எறிதலில் முடிப்பவருக்கு வெற்றி. கூட்டம் கூடவே நடக்கும், பந்தயமும் கட்டும். எதிரே வருகிற டிராக்டர் ஒதுங்கி நின்று வழிவிடும். ஞாயிறு மதியம் கார்க் பக்கம் தங்கியிருந்தால் விடுதிக்காரரிடம் விசாரியுங்கள்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது

மன்ஸ்டர் வாரயிறுதிக்கு டப்ளினில் தங்கிப் போய்வரலாம். தர்லஸுக்கு ரயில் உண்டு. ஆனால் நான் லிமெரிக் அல்லது என்னிஸ் என்பேன். லிமெரிக் பெரிய நகரம், அறைகள் அதிகம், கேலிக் கிரவுண்ட்ஸ் மைதானம் நடந்து போகிற தூரம், இந்திய உணவகங்களும் உண்டு. என்னிஸ் சின்ன டவுன்; கிளேரின் தலைமை ஊர். நகருக்குள்ளேயே கியூசாக் பார்க் மைதானம். இங்கே தங்கச் சொல்வதற்குக் காரணம் ஹர்லிங் மட்டுமல்ல, இசை.

டப்ளின் டெம்பிள் பாரில் மேடைபோட்டு மைக் வைத்துப் பாடுகிறார்களே, அது பயணிகளுக்கானது. என்னிஸில் இரவு ஒன்பதரைக்கு மேல் ஏதாவதொரு மதுக்கூடத்தின் மூலை மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒரு ஃபிடில், ஒரு புல்லாங்குழல், கிளேருக்கே பேர்போன கான்சர்ட்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டி, சில நேரம் பௌரான் என்கிற கைமேளம். ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்து நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். டிக்கெட் இல்லை. அந்த மேசையில் காலியாக இருக்கிற நாற்காலி தாமதமாக வரப்போகிற இன்னொரு கலைஞருக்கு, அதில் உட்காரக்கூடாது. யாராவது தனியாகப் பாட ஆரம்பித்தால் கூடம் முழுக்க அமைதியாகிவிடும். நாமும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குடிக்காதவர்கள் டீயோ எலுமிச்சை சோடாவோ கேட்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் மே முதல் செப்டம்பர் வரை இரவு பத்து மணிக்குமேல் அங்கே இருக்கக்கூடாது என்பது சட்டம். குடும்பமாகப் போகிறவர்கள் மாலையிலேயே ஆரம்பிக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். ஜூலையில் போகிறவர்கள் கிளேரில் இருக்கும் மில்டவுன் மால்பேயில் 1973 முதல் நடக்கிற வில்லி கிளான்சி கோடைப் பள்ளி வாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க அந்த வாரம் பகலெல்லாம் வகுப்பு, இரவெல்லாம் வாசிப்பு.

ரயிலா, காரா? ஆட்டம் மட்டும் என்றால் ரயில். தர்லஸிலிருந்து லிமெரிக்குக்கு பெரும்பாலும் லிமெரிக் ஜங்ஷனில் மாற வேண்டும். பெயர்தான் லிமெரிக், நிலையம் இருப்பது டிப்பரேரியில். லிமெரிக் நகரிலிருந்து என்னிஸுக்கு முக்கால் மணி நேரத்துக்குள். என்னிஸிலிருந்து மோஹர் பாறைகள், டூலின் வழியாகக் கால்வேக்கு 350-ஆம் எண் பஸ் போகிறது. ஆட்ட நாள் ரயிலில் இருக்கையை முன்பதிவு செய்யாவிட்டால் நின்றுகொண்டேதான் வரவேண்டும். ஞாயிறு இரவு கடைசி ரயில் எப்போது என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். கூடுதல் நேரம், பெனால்ட்டி என்று ஆட்டம் இழுத்துக்கொண்டே போகலாம். 2025 மன்ஸ்டர் இறுதி பெனால்ட்டியில்தான் முடிந்தது.

கிளப் ஆட்டம், ரோடு பௌலிங், பர்ரன் பாறைவெளி, அங்கே கியூசாக் பிறந்த கேரன் கிராமம் என்று சுற்ற ஆசையிருந்தால் கார் வேண்டும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் வாடகைக் கார்களில் கியர் வண்டிகள் நிறைய. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கொடுத்து முன்பே சொல்லிவைக்க வேண்டும். இன்சூரன்ஸ் என்ற பெயரில் கவுண்டரில் சேர்க்கிற தொகைதான் பெரிய அடி. விளம்பர விலையை மட்டும் பார்த்து ஏமாறாமல் எல்லாம் சேர்த்த தொகையை ரயிலோடு ஒப்பிடுங்கள். ஊர்ப்புறச் சின்னச் சாலைகளில் 2025 பிப்ரவரியிலிருந்து வேக வரம்பு 60. சாலையின் அகலத்தைப் பார்த்தால் அதுவே அதிகம் என்று தோன்றும். ஆட்ட நாளில் மட்டும் தர்லஸுக்குள் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வழிகாட்டியோடு போகிற பஸ் சுற்றுலாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாறைகளையும் கோட்டைகளையும் நன்றாகவே காட்டுவார்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஆட்டத்துக்காக அவர்கள் நிறுத்துவதில்லை.

விசா விஷயத்தையும் மாதத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு ஒரே விசா என்கிற ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இறங்க முடியாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் தனியாக அயர்லாந்து விசா எடுக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். மே மாத ஆட்டத்துக்கு பிப்ரவரியிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அட்டவணை குளிர்காலத்திலேயே வந்துவிடும், ஆட்ட டிக்கெட் பிற்பாடுதான் விற்பனைக்கு வரும். இடையில் தங்குமிடத்தை ரத்துசெய்யக்கூடிய வகையில் பதிவு செய்துவைப்பது புத்திசாலித்தனம். பிரிட்டிஷ், கனடிய, ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் மட்டும் பிரிட்டிஷ்–ஐரிஷ் கூட்டு விசாத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குரிய குறிப்புள்ள ஒரு விசாவிலேயே இரண்டு நாடுகளுக்கும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும். ஆர்மாவில் ரோடு பௌலிங் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் ஆர்மா வட அயர்லாந்தில் இருக்கிறது, அது பிரிட்டன். எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதற்காக விசா இல்லாமல் பஸ் ஏறிவிடக்கூடாது. நாட்டின் மிகப் பெரிய மரபிசைத் திருவிழாவான ஃப்ளா கியோல் 2024-லும் 2025-லும் வெக்ஸ்ஃபோர்டில் நடந்தது. 2026 ஆகஸ்டுக்கு அறிவித்த ஊர் பெல்ஃபாஸ்ட், அதுவும் வட அயர்லாந்துதான். கமோகி இறுதியையும் அதையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைக்கும் இந்தியர்கள் விண்ணப்பம் போடும்போதே இந்தக் கூட்டு விசாவைப் பற்றித் தூதரகத் தளத்தில் படித்துவிட்டுப் போடுங்கள்.